மாடி அறைத் தாழ்ப்பாள்

எங்கள் தெருவில் மௌனத்துக்கு மரியாதை உண்டு. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்துகளில் ஒன்று எங்களுடையது. பாதி வீடுகளில் மாடி அறை வாடகைக்கு விட்டிருக்கும். கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்த பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். வெயில் ஏறத் தொடங்கியதும் பெட்டியைக் கட்டுவார்கள். அவர்களில் சிலர் பேசாமல் இருப்பதற்கென்றே வருகிறவர்கள். ‘மௌனத்தில் இருக்கிறேன்’ என்று ஓர் அட்டையில் எழுதிக் கதவில் மாட்டிவிடுவார்கள். அந்த அட்டையைப் பார்த்தால் தண்ணீர்க் கேன் போடுகிறவர் கேனைப் பூப்போல இறக்கிவைத்துவிட்டுப் போவார். கீரை வண்டிக்காரர் தெருமுனையில் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, தெருவைத் தாண்டிய பிறகுதான் மறுபடி போடுவார். பேசாமல் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது இந்தத் தெருவில் வளரும் குழந்தைகளுக்கு யாரும் சொல்லாமலே தெரியும். என் மகளுக்கும் தெரியும்.

இப்போது அவள் எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். ஸ்வீடனில் முதுகலைப் படிப்பை முடிக்காமல் திரும்பி வந்தவள். கீழே அவளுடைய பழைய அறையைத் துடைத்து, புது விரிப்புப் போட்டு வைத்திருந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, “மேல இருந்துக்கறேன் மா” என்றாள். வந்த அன்று அவள் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

அந்த மாடி அறையில் பல வருஷங்களாகக் குளிர்காலம்தோறும் தங்கியவரும் ஸ்வீடன்காரர்தான். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என் அம்மா வயது இருக்கும். ஆனாலும் என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். யாரோ முதலில் சொல்லிக் கொடுத்த தமிழ்ச் சொல் அது. பால்காரர் அக்கா, எதிர்வீட்டுப் பாய் அக்கா, ஒருமுறை என் கணவரும் அக்கா ஆனார். அன்றிலிருந்து கொஞ்ச நாள் என் மகள் அப்பாவை “அக்கா, டீ குடிக்கிறீங்களா?” என்று கேட்டுக்கொண்டு திரிந்தாள்.

மகளுக்கு அவர் ‘மாடி ஆன்ட்டி’. பள்ளிவிட்டு வந்ததும் பையைக் கீழே எறிந்துவிட்டு மேலே ஓடுவாள். அவர் தரையில் உலக வரைபடத்தை விரித்துவைத்து, இந்த நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் முன்பு சண்டை, இப்போது எல்லையில் காவல்காரர்கூட இல்லை, பேருந்தில் தூங்கிக்கொண்டே கடந்துவிடலாம் என்று கதைபோலச் சொல்வார். “எப்படி ஆன்ட்டி சண்டை நின்னுச்சு?” என்று இவள் கேட்பாள். “பேசினார்கள். ரொம்ப நாள் பேசினார்கள். அலுத்துப் போகும்வரை பேசினார்கள்” என்பார். நான் சரித்திரத்தில் பி.ஏ. படித்தவள். எனக்கு அந்தப் பதில் போதாது. மகளுக்குப் போதவில்லை என்பதால்தான் அவள் அதையே படிக்கப் போனாள் என்று நினைக்கிறேன்.

ஒரு வருஷம் மாடி ஆன்ட்டி கதவில் அட்டையை மாட்டினார். மேல்படியில் நான் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு வருவேன். காலி டப்பா கழுவி வைக்கப்பட்டிருக்கும். ஒருநாள் டப்பா வைத்த இடத்திலேயே வெயிலில் இருந்தது.

“மௌனத்துல இருக்காங்க. பசிக்கலயோ என்னவோ” என்றார் என் கணவர்.

“பசிக்கலன்னா டப்பாவ நிழல்ல எடுத்து வெச்சிருப்பாங்க. இப்படி எறும்பு மொய்க்க விட மாட்டாங்க.”

“அட்டை தொங்குதே.”

“தொங்கட்டுங்க. கதவ இடிங்க.”

அவர் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலை பார்ப்பவர். மேலதிகாரி கையெழுத்து இல்லாமல் ஒரு பீரோவைக்கூட நகர்த்தாத மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளைக் கொடுத்து இடித்தார். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு வந்தது. உள்ளே அந்த அம்மா மஞ்சள் பூத்த கண்களோடு சுருண்டு கிடந்தார். மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு குழையக் காய்ச்சிய அரிசிக் கஞ்சியும் மோருமாகத் தேற்றினேன். எப்படிக் காய்ச்சுவது என்று கூடவே நின்று பார்த்துக்கொள்வார். “என் ஊரில் யாரும் கதவை உடைக்க மாட்டார்கள், அக்கா” என்று ஒருநாள் சொன்னார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். மகள் அப்போது சின்னவள். படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாழ்ப்பாளை ஆசாரி வந்து திரும்ப அடித்தார். ஆனால் அது முன்போல உட்காரவே இல்லை. உள்ளே பூட்டியிருந்தாலும், கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினால் திறந்துகொள்ளும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும்.

சென்னையில் பி.ஏ. முடித்ததும் மகள் ஸ்வீடனில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். இடம் கிடைத்த செய்தி கேட்டு என் அண்ணன் கிராமத்திலிருந்து வந்தார்.

“என்ன படிப்பும்மா?”

“சர்வதேச, ஐரோப்பிய உறவுகள்ணா. எம்.ஏ.”

“எம்.ஏ.வா? கம்ப்யூட்டர் கெடயாதா?”

“கெடயாது.”

“அப்ப முடிச்சுட்டு என்னவா வருவா?”

மகளே பதில் சொன்னாள்: “ரெண்டு நாடு சண்ட போட்டா நடுவுல உக்காந்து பேசற வேல மாமா.”

“அதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம்? நம்ம பங்காளிங்க வரப்புத் தகராறு நடக்குது பாரு, அங்க வந்து உக்காரு. உள்ளூர்லயே வேல ஜாஸ்தி இருக்குது.”

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அப்போதெல்லாம் அவள் சிரித்தால் எதிர்வீடுவரை கேட்கும்.

மாடி ஆன்ட்டி அதற்குள் இங்கே வருவதை நிறுத்தியிருந்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. தன் தகரப் பெட்டி ஒன்றை மட்டும் ‘திரும்ப வருவேன்’ என்று எங்களிடம் விட்டுப் போயிருந்தார். மகள் படிக்கும் ஊரிலிருந்து அவர் ஊர் ரயிலில் பாதி நாள் தூரம். முதல் குளிருக்கு முன்னால் நேரில் வந்து, தன் கோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த படத்தை நான் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். அங்கே அவளுக்கு ஒரு பெரியம்மா இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டேன். அப்படித்தான் நம்பினேன்.

முதல் வருஷம் நன்றாகப் போனது. வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தார்களாம். ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து, எல்லாரும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுத வேண்டும். இவளுக்குக் கிடைத்தது ஒரு குட்டித் தீவு நாடு. கடல்வழியாகப் படகில் தப்பி வருகிறவர்களை யார் ஏற்பது என்பது பேச்சு. பெரிய நாடுகளெல்லாம் சரி என்ற பிறகும் இவள் கையெழுத்துப் போடவில்லையாம். ஒரு வரியை மாற்றும்வரை எல்லாரையும் மதியச் சாப்பாட்டுக்கு எழவிடாமல் உட்காரவைத்தாளாம். இதை என் கணவர் ஆபீசில் சொல்லிச் சொல்லி, அங்கே அவருக்கே ‘தீவு’ என்று பேர் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் தீசிஸ். தலைப்பு என்ன என்று கேட்டேன். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன்.

“ஒரு நாட்டுக்குள்ள மக்களுக்கு ஆபத்துன்னா, கூப்பிடாமயே வெளிநாடுங்க உள்ள போகலாமா கூடாதான்னு. ஐரோப்பா இதுல என்னென்ன நிலை எடுத்துச்சுன்னு.”

“இதுல என்ன இருக்குது? போகத்தான் வேணும்.”

“நீ இப்படித்தான் சொல்வன்னு தெரியும். போனா அது அவங்க வீட்ல அத்துமீறி நுழையறது மா. நல்லது செய்யறேன்னு போய்க் கெடுத்த கதையும் நெறைய இருக்கு.”

“போகாம செத்த கதை?”

“அதுவும் இருக்கு. அதான் கஷ்டம்” என்றாள். பிறகு, “கீரையில காம்பு நெறைய போடற பாரு, அப்பா திட்டுவார்” என்றாள். நாங்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சுகளில் அது ஒன்று.

அங்கே பகல் சுருங்கத் தொடங்கிய நாட்களில் ஒரு செய்தி அனுப்பினாள்: ‘தீசிஸ் முடியற வரைக்கும் நான் மௌனம். அட்டை மாட்டிட்டேன்.’ வாட்ஸ்அப்பில் தன் முகத்தை எடுத்துவிட்டு, மாடி ஆன்ட்டியின் பழைய அட்டையைப் படமாக வைத்திருந்தாள். எப்போது எடுத்து வைத்திருந்த படமோ. நாங்கள் ரசித்தோம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் காட்டினேன். “நம்ம தெருப் பொண்ணுல்ல” என்றார்.

வேறு ஊர்க்காரர்களாக இருந்திருந்தால் பயந்திருப்பார்கள். இருபத்துச் சொச்ச வயதுப் பெண் பேச மாட்டேன் என்றால் என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். எங்கள் தெருவில் அதை ஒரு படி ஏறியதாக எடுத்துக்கொள்வோம். பேசாமல் இருப்பவர் உள்ளே நல்லபடியாக இருக்கிறார் என்று நினைத்துப் பழகிவிட்டது. மஞ்சள் காமாலைக்கு ஒருமுறை கதவை உடைத்த நானும் அப்படியே நினைத்தேன்.

நான் அனுப்பும் செய்திக்கு ஒரு கட்டைவிரல் வரும். பிறகு அதுவும் வராமல், பார்த்ததற்கான நீலக் குறி மட்டும் வரும். போன் போடலாமா என்றால், “படிக்கிற பொண்ண நச்சரிக்காத” என்பார் கணவர். பொங்கலன்று பானை பொங்கும்போது வீடியோவில் காட்ட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். சென்னை விடுதியில் இருந்த காலத்திலிருந்து ஒரு வருஷமும் தவறியதில்லை. போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அடுப்பின் முன் நின்றேன். மணி போய்க்கொண்டே இருந்தது. பால் பொங்கி, வழிந்து, அடுப்பை அணைத்தது. அவள் எடுக்கவில்லை. வெயிலில் எறும்பு மொய்த்த டப்பா அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

உடனே மாடி ஆன்ட்டிக்கு எழுதினேன். ‘தயவுசெய்து போய்ப் பாருங்கள். என்னவோ சரியில்லை.’ மறுநாள் பதில் வந்தது. நிதானமான ஆங்கிலம். அவளுக்கு எழுதினேன், தனியாக இருக்க விரும்புவதாகப் பதில் போட்டாள், அவள் வயது வந்தவள், அவள் விருப்பத்தை நாம் மதிக்க வேண்டும், பல்கலைக்கழகத்தில் மாணவர் நலனுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், அந்த எண்ணை அனுப்புகிறேன்.

எண்ணை அனுப்புகிறேன். அந்த வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த எண்ணுக்குப் பேசினால், மாணவியின் அனுமதி இல்லாமல் எதுவும் சொல்ல இயலாது என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். எல்லாருமே மரியாதையாகத்தான் சொன்னார்கள். நான் மாடிக்குப் போய் அந்தத் தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, படிக்கட்டுக்கு அடியில் பழைய பெயிண்ட் டப்பாக்களோடு தள்ளினேன். இத்தனை வருஷம் சோறு போட்ட கைக்கு இவ்வளவுதானா என்று வாய்விட்டே சொன்னேன். கணவர் தடுக்கவில்லை.

கடைசியில் போன் செய்தது அவள் தங்கியிருந்த விடுதியில் பக்கத்து அறை நேபாளத்துப் பெண். பொதுச் சமையலறைக்கு மகள் பல நாளாக வராததைப் பார்த்து, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, விடுதிக் காவலரைக் கூட்டிவந்து சாவி போட்டுத் திறக்கவைத்திருக்கிறாள். “ஆன்ட்டி, பயப்படாதீங்க, உயிரோட இருக்கா” என்றுதான் ஆரம்பித்தாள். ஆங்கிலத்தில் சொன்ன அந்த வாக்கியம் எனக்குத் தமிழிலேயே கேட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சாப்பிடாமல், தூங்காமல், திரையை விலக்காமல் இருந்திருக்கிறாள். மனச்சோர்வு முற்றிய நிலை என்றார்கள். கணவர் விசாவுக்கு அலைந்தார். அது வருவதற்குள் அவளை வீட்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். விமானம் ஏற்றிவிட்டதும் அந்த நேபாளத்துப் பெண்தான்.

சென்னை விமான நிலையத்தில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தோம். மாடி ஆன்ட்டி கொடுத்த கோட்டைத்தான் முதலில் அடையாளம் கண்டேன். அதற்குள் என் மகள் இருந்தாள்.

இங்கே மருந்தும் வைத்தியமும் தொடர்கின்றன. வேலூர்வரை போய் வருகிறோம். கொஞ்சம் சாப்பிடுகிறாள். பேசுவதில்லை. பக்கத்து வீட்டு அம்மா மாடியை அண்ணாந்து பார்த்து, “மௌனமா? இருக்கட்டும், நல்லதுதான். இந்த வயசுல யாருக்கு வருது” என்றார். எனக்கு அவர் மேல் கோபமில்லை. பொங்கலுக்கு முன்புவரை நானும் அப்படித்தான் பேசியிருப்பேன். துணி காய்கிறதா என்று பார்க்கப் போவதுபோல அங்கிருந்து நகர்ந்தேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அறைக் கதவு திறந்தது. வெளியே வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். மலை மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவளைப் பார்க்காததுபோல மடித்துக்கொண்டிருந்தேன்.

“ஆன்ட்டியோட பெட்டி எங்க மா?”

“கீழ. படிக்கு அடியில.”

“ஏன் அங்க போட்ட?”

“பின்ன? நடுவீட்ல வெச்சுப் பூஜ பண்ணணுமா?” அடக்கிவைத்திருந்தது வந்துவிட்டது. “காமாலையில கெடந்தப்ப யார கேட்டு உள்ள போனோம்? நீ அங்க அப்படிக் கெடக்க, போய்ப் பாருங்கன்னா நம்பர் அனுப்புறாங்க.”

“வந்தாங்க.”

“யாரு?”

“ஆன்ட்டி. வந்தாங்க மா. நீ எழுதினியே, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு. பனி கொட்டிட்டிருந்தது. கால நொண்டிக்கிட்டே வந்திருப்பாங்க, மூணாவது மாடி.”

கையில் இருந்த துணியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

“கதவத் தட்டினாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. ‘நான் மட்டும்தான், கண்ணு’ன்னு தமிழ்ல சொன்னாங்க. நீ என்ன கூப்பிடற மாதிரியே. நான் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில உக்காந்திருந்தேன்.”

“தெறக்கலயா?”

“எழுந்துக்க முடியல. ‘எனக்குத் தனியா இருக்கணும், அம்மாகிட்ட சொல்லாதீங்க’ன்னு கதவு வழியாவே சொன்னேன். சரின்னாங்க. கொஞ்ச நேரம் நின்னாங்க, மூச்சு வாங்கற சத்தம் கேட்டுச்சு. இன்னொரு வாட்டி மெதுவா தட்டினாங்க. அப்புறம் கைப்பிடியில ஒரு பைய மாட்டிட்டுப் போயிட்டாங்க.”

“பையில என்ன?”

“ஃபிளாஸ்க்ல கஞ்சி. நீ காய்ச்சற மாதிரி.” அவள் மலையைப் பார்த்தே சொன்னாள். “உப்பு போட மறந்துட்டாங்க.”

நான் துணியோடு தரையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து உட்காருவாள் என்று நினைத்தேன். வரவில்லை.

“அவங்க போகும்போது படி எறங்கற சத்தம் கேக்குதான்னு காத வெச்சுக் கேட்டுட்டு இருந்தேன். இன்னும் ஒரு வாட்டி தட்டியிருந்தா தெறந்திருப்பேன் மா. ஒரே வாட்டி. எண்ணிட்டிருந்தேன்.”

அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெட்டியை அன்றே எடுத்துத் துடைத்து மாடியில் வைத்தேன். அந்த அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தால் முதல் வரி வருவதில்லை. நான் சொல்லி, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு பனியில் பயணம் செய்து வந்தவர். வாக்குக் கொடுத்துவிட்டதால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், என் கோபத்துக்கும் ஆளானவர். அவர் ஊரின் மரியாதைப்படி திரும்பிப் போனார். என் மகள் எங்கள் வீட்டு வழக்கத்துக்காகக் காத்திருந்தாள். தப்பு என்று யாரையும் காட்ட எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதவு மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் இவள், நடுவில் ஒரு பலகைக் கனம்.

தாழ்ப்பாளைச் சரிசெய்ய ஆசாரியைக் கூப்பிடட்டுமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது அப்படி இருப்பதால்தான் எனக்குக் கண் மூடுகிறது.

இன்று காலையில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். உப்பு போட்டிருக்கிறதா என்று படியிலேயே நின்று வாயில் விட்டுப் பார்த்துக்கொண்டேன். கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினேன். சத்தமில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தட்டினேன். உள்ளே மின்விசிறி ஓடும் ஓசை மட்டும். என் வலது கை தானாகக் கைப்பிடிக்குப் போய்விட்டது. கொஞ்சம் தூக்கித் தள்ளினால் போதும். அவள் மார்பு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஆனால் இன்னும் ஒரு தடவை தட்டியிருந்தால் திறந்திருப்பேன் என்றுதானே சொன்னாள். உடைத்திருக்கலாமே என்று அவள் கேட்கவில்லை.

கைப்பிடியிலிருந்து கையை எடுத்தேன். கஞ்சிப் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, இன்னும் ஒரு தடவை தட்டினேன். பிறகு இன்னும் ஒரு தடவை. கீழே கீரை வண்டிக்காரர் வழக்கம்போலத் தெருமுனையில் ஒலிபெருக்கியை அணைத்தார். அந்த நிசப்தத்தில் என் தட்டல் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று தட்டிக்கொண்டே இருந்தேன்.

உள்ளே கட்டில் அசைந்தது.